பேக்கேஜ் வேண்டாம், முதல் மாதச் சம்பளத்தைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்கோடு பேருந்து நிலையத்துக்கு எதிரே போன வாரம் ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் விளம்பரம். கோட்டு போட்ட ஒரு மாணவனின் படம், பக்கத்தில் அவனுக்குக் கிடைத்த 'பேக்கேஜ்', அதாவது ஆண்டுச் சம்பளக் கணக்கு, 'ஆண்டுக்கு ரூ.44 லட்சம்' என்று ஆள் உயரத்துக்கு எழுத்து. அதன் கீழே தபால்தலை அளவில் நெருக்கி அடுக்கிய நூற்றுக்கும் மேற்பட்ட முகங்கள். அந்த முகங்கள் எதற்கும் பக்கத்தில் சம்பளம் போடவில்லை. அவற்றில் ஒன்று எங்கள் தெருப் பையனுடையது. அவனை முன்னிட்டுத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பதின்மூன்று ஆண்டுகள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கிளைகளில் கடன் பிரிவு. நகைக் கடன், பயிர்க் கடன், அதற்கு அடுத்தபடியாக என் மேசைக்கு அதிகம் வந்தது கல்விக் கடன் விண்ணப்பம்தான். அதனால் இன்றைக்கும் ஊரில் யாருக்காவது வேலைக்கான கடிதம் வந்தால் 'பேங்க் சார்கிட்ட ஒரு தடவ காட்டிடலாம்' என்று எங்கள் வீட்டுத் திண்ணைக்கு எடுத்து வந்துவிடுவார்கள்.

இந்தப் பையனின் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். தக்காளி போடுகிறார். விடியற்காலையில் மார்க்கெட்டில் பெட்டிகளை இறக்கிவிட்டு, அதே மண் ஒட்டிய காலோடு வந்தார். மகன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வந்தான். அம்மா வாசற்படியிலேயே நின்றுகொண்டார். "சார், மாசம் இருபத்தெட்டாயிரம் சார். கம்ப்யூட்டர் கம்பெனி. மெட்ராஸ்ல" என்றார் அப்பா. அன்றைக்குத் தக்காளிப் பெட்டி என்ன விலைக்குப் போயிருந்தாலும் அவர் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

கடிதத்தில் ஆண்டுக்கு ரூ.3,36,000 என்று இருந்தது. பன்னிரண்டால் வகுத்தால் 28,000. அப்பா சொன்னதில் பிழை இல்லை. ஆனால் பின்பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது. அதை அவர்கள் மூவரும் பார்த்திருந்தார்கள், படித்திருக்கவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையின் உறையைப் பிரித்து, அதன் உள்பக்கத்தில் நான் கணக்கு எழுதினேன்.

ஆண்டு இறுதியில், நிறுவனமும் அவனும் நன்றாகச் செயல்பட்டதாக அவர்கள் முடிவு செய்தால் தரப்படும் தொகை ரூ.24,000. அது மாதச் சம்பளத்தில் வராது. அடிப்படைச் சம்பளம் 15,000. அதில் நிறுவனம் தன் பங்காகக் கட்டும் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) மாதம் 1,800, ஆண்டுக்கு 21,600. அவன் பேரில்தான் சேரும், கைக்கு வராது. பணிக்கொடை என்று ரூ.8,658. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தால்தான் அது அவனுடைய பணம். ஆனால் முதல் நாளிலிருந்தே அவனுடைய சம்பளக் கணக்கில் சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டுக்கு 8,400. இவை நான்கையும் கழித்துப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 22,778. அதில் அவன் பங்கு பி.எஃப். 1,800 போகும். தொழில் வரி அரையாண்டுக்கு 1,250, அதை மாதத்துக்குப் பிரித்தால் 208. மிச்சம் 20,770.

அப்பா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்த ஏழாயிரம் எங்க சார் போச்சு?" என்றார். யாரும் திருடவில்லை, நிறுவனத்துக்கு அவனால் ஆகும் மொத்தச் செலவைத்தான் சம்பளம் என்று சொல்கிறார்கள் என்று விளக்கினேன். வேளாண்மை செய்கிறவருக்கு அது புரியாமல் இல்லை. தக்காளி விற்ற தொகையில் கமிஷன், இறக்குகூலி, வண்டி வாடகை போக வருவதுதான் வருமானம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் படித்தவர்கள் எழுதும் கடிதத்திலும் அப்படி இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

பையன் தலையைக் குனிந்தபடி, "சீனியர்ஸ் சொன்னாங்க சார், கைக்கு கம்மியாத்தான் வரும்னு. வீட்ல சொல்ல மனசு வரல" என்றான்.

பிறகு செலவுப் பக்கம். பெருங்குடிப் பக்கம் ஒரு அறையில் நான்கு பேர் தங்கும் ஹாஸ்டலில், காலையும் இரவும் சாப்பாட்டோடு 7,500 என்று ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தான். மதியச் சாப்பாடு 2,000, பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் 1,500, மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து போக 1,200, சோப்பு, முடிவெட்டு, மருந்து மாத்திரை இவற்றுக்கு ஆயிரம், போனுக்கு 350. ஆக 13,550. மீதி 7,220. கல்விக் கடன் 4 லட்சம். நல்ல வேளையாக வருமானச் சான்றிதழ்களை ஒவ்வோர் ஆண்டும் ஒழுங்காகக் கொடுத்திருந்ததால் படிப்புக் காலத்து வட்டிக்கு மத்திய அரசின் மானியம் வந்திருந்தது. பத்தரை சதவீத வட்டியில் ஏழு ஆண்டுத் தவணை போட்டால், அது தொடங்கும்போது மாதம் 6,744. மீதி ரூ.476.

மானியம் கிடைக்காமல் போயிருந்தால் கடன் ஐந்தரை லட்சத்தை ஒட்டி வந்திருக்கும். தவணை ஒன்பதாயிரத்தைத் தாண்டும். அப்போது மாதாமாதம் அப்பாதான் தக்காளிப் பணத்திலிருந்து சென்னைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மாதத்தின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தால் முதல் சம்பளம் பாதிதான் வரும் என்பதையும், ஹாஸ்டலுக்கு முன்பணம் தர வேண்டும் என்பதையும் சேர்த்தால், மானியம் வந்த இந்த வீட்டிலும் முதல் இரண்டு மாதம் நிலைமை அதுதான்.

அதுவரை ஒன்றும் பேசாமல் இருந்த அம்மா, "எப்படியோண்ணா, லோன் அடைஞ்சிடுமில்ல?" என்று மட்டும் கேட்டார். அடைந்துவிடும் என்றேன். பதினைந்து ஆண்டுத் தவணைக்கும் விதியில் இடம் உண்டு, அப்படி எடுத்தால் மாதம் 4,422தான் வரும் என்றும் சொன்னேன். 22 வயதுப் பையன் 37 வயது வரை படிப்புக் கடன் கட்டுவதை ஓர் அம்மாவிடம் நல்ல செய்தியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

இது குறைந்த சம்பளம் என்று நான் புலம்புவதாக யாரும் நினைக்க வேண்டாம். முதல் வேலையில் இருபதாயிரம் வாங்குவது கேவலம் அல்ல. நான் சேர்ந்த காலத்தில் வாங்கியதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். என் மனக்குறை அந்த 44 லட்சத்துக்கும் இந்த 20,770க்கும் நடுவில் இருக்கிறது. பதினேழு வயதில் கவுன்சலிங்குக்குப் போகும்போது இந்த வீட்டாருக்கு யாரும் இரண்டாவது எண்ணைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கல்விக் கடன் விண்ணப்பத்தில் 'படிப்பு முடிந்தபின் எதிர்பார்க்கும் வருமானம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஏதோ ஒரு தொகையை நிரப்பச் சொல்லி எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்கியிருப்பேன்! அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கல்லூரி அச்சடித்த கையேட்டிலிருந்துதான் வந்தது.

2008 வாக்கில் எங்கள் கிளையில் கல்விக் கடன் வாங்கிப் படித்து, ஐ.டி. நிறுவனத்தில் சேர்ந்த ஒரு பெண் முதல் சம்பளச் சீட்டோடு வந்தாள். ஆண்டுக்கு மூன்று லட்சம், கைக்கு இருபதாயிரத்தை ஒட்டி. கிளை முழுக்க இனிப்பு கொடுத்தாள். அப்போது ஒரு பவுன் பத்தாயிரத்துக்கு உள்ளேதான் இருந்தது. முதல் மாதச் சம்பளத்தில் இரண்டு பவுன் எடுக்கலாம் என்று கிளையில் கணக்குப் போட்டுப் பேசிக்கொண்டோம். இன்று அதே வேலையில், அநேகமாக அதே சம்பளத்தில் சேரும் இந்தப் பையன், ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் மூன்றில் ஒரு பங்கு பவுன்கூட வராது. பதினைந்து ஆண்டுக்கு மேலாகப் பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் சாதாரணப் புதுமுகத்தின் தொடக்கச் சம்பளம் மூன்று லட்சத்துக்கும் மூன்றரை லட்சத்துக்கும் பக்கத்திலேயே நிற்கிறது.

வங்கியில் அந்நியச் செலாவணிப் பலகையைத் தினமும் பார்த்தவன் என்பதால் இன்னொன்றும் என் கண்ணில் படுகிறது. 2008 தொடக்கத்தில் ஒரு டாலர் நாற்பது ரூபாயை ஒட்டி இருந்தது. இன்று அது இரண்டு மடங்குக்கு மேல். இந்த நிறுவனங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் வாங்குவது டாலரில், புதுமுகத்துக்குக் கொடுப்பது ரூபாயில். இடைப்பட்ட லாபத்தில் ஒரு துளிகூடக் கடைசி வரிசையில் சேரும் பையனுக்கு வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு மூளையைக் கசக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 1980களின் நடுவில் கதவு திறந்தது. ஒரு கட்டத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை ஐந்நூறைத் தாண்டின. பல மூடிய பிறகும் இன்றைக்கு நானூறுக்கு மேல் இருக்கின்றன. ஒரு இடத்துக்குப் பத்துப் பேர் நிற்கும்போது சம்பளத்தை ஏற்ற வேண்டிய அவசியம் யாருக்கு? நிறுவனங்கள் தரப்பில் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சேருகிறவர்களுக்கு மூன்று மாதம், ஆறு மாதம் சம்பளம் கொடுத்து அடிப்படையிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது, பழகியதும் பாதிப் பேர் வேறு இடம் போய்விடுகிறார்கள் என்கிறார்கள். சரி. ஆனால் அதே நிறுவனத்தில் அதே நாளில் சேரும் இன்னொருவனுக்கு ஆண்டுக்கு ஏழு லட்சம் கொடுக்கிறார்களே. வித்தியாசம் ஆன்லைன் தேர்வில் கடினமான கோடிங் பகுதியைத் தாண்டினானா என்பதுதான். அந்தப் பகுதிக்கு இரண்டாம் ஆண்டிலிருந்தே தயாராக வேண்டும் என்று எங்கள் தெருப் பையனுக்கு அவனுடைய கல்லூரி எட்டாவது செமஸ்டரில் சொன்னது. மாணவர்களுக்கு வேலைத்திறன் பயிற்சி தரும் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022இல் வந்த பிறகு இந்த விஷயத்தில் கொஞ்சம் நல்லது நடந்திருக்கிறது. என்னிடம் வந்த இரண்டு மூன்று பிள்ளைகள் அதில் படித்ததைச் சொன்னார்கள்.

கடிதம் கைக்கு வந்துவிட்டால் வேலை வந்துவிட்டது என்றும் இல்லை. 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆறரை லட்சம் தருவதாகச் சொல்லித் தேர்ந்தெடுத்தவர்களிடம் மூன்றரை லட்சத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டது. 2022இல் தேர்வாகிக் கடிதம் வாங்கிய ஏறத்தாழ 2,000 பேரை இன்ஃபோசிஸ் இரண்டு ஆண்டாகியும் பணியில் சேர்க்கவில்லை என்று, புனேயில் இயங்கும் நைட்ஸ் என்ற ஐ.டி. ஊழியர் அமைப்பு 2024இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. பத்திரிகைகளில் எல்லாரும் படித்தோம். நான் அதை மேசைக்கு இந்தப் பக்கமிருந்தும் பார்த்தேன்.

கல்விக் கடனுக்குப் படிப்பு முடிந்து ஓர் ஆண்டு தவணை கட்ட வேண்டியதில்லை. அதன் பிறகு 90 நாள் தவணை வராவிட்டால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். கையில் கடிதம் இருக்கிறது, சேரும் தேதி வரவில்லை என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், அப்படி ஒரு வீட்டுக்கு நோட்டீஸ் போனது. கீழே என் கையெழுத்து. நான்காம் நாள் அந்தப் பையனின் அம்மா நோட்டீஸை ஒரு மஞ்சள் பைக்குள் வைத்து எடுத்து வந்தார். அதே பைக்குள் வேலைக்கான கடிதமும் இருந்தது. லேமினேட் செய்து வைத்திருந்தார்கள். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இது நெஜம்னா இது எப்படி சார் வருது?" என்று கேட்டார். தவணையைத் தள்ளிப்போட மண்டல அலுவலகத்துக்கு எழுதினேன், அனுமதியும் வந்தது. ஆனால் அதற்குள், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவனா என்று காட்டும் அந்தப் பையனின் சிபில் மதிப்பெண் விழுந்துவிட்டது. அந்த மதிப்பெண்ணையும் பார்த்துவிட்டுத்தான் வேலை தருகிறோம் என்கிற இடங்கள் உண்டு. எட்டு மாதம் கழித்து அவன் வேறு ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தான். அந்த அம்மா கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் படித்த பிள்ளைகளின் கதை வேறு. எங்கள் ஊரிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு பஸ் ஏறினால் சிப்காட் தொழிற்பேட்டை. காலை ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில் சீருடை போட்ட பி.இ.க்களும் டிப்ளமோக்களும் ஐ.டி.ஐ.க்களும் ஒன்றாகத்தான் நின்றுகொண்டு போகிறார்கள். பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளர் என்று எடுத்து 15,000, 16,000 கொடுக்கிறார்கள். அதிலும் பலர் நிறுவனத்தின் நேரடி ஆட்கள் அல்ல, கான்ட்ராக்டர் கணக்கில் இருப்பவர்கள். அப்ரண்டிஸாக எடுத்தால் சட்டப்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் 9,000 என்று 2019இல் நிர்ணயித்தார்கள். அதிலும் பாதியை, 4,500 வரை, அரசே நிறுவனத்துக்குத் திருப்பித் தருகிறது. அதே பஸ்ஸில் வரும் ஐ.டி.ஐ. படித்த ஒரு பையன், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் வி.எம்.சி. மெஷினில் ஜாப் செட்டிங் செய்கிறவன், ஓவர்டைம் போக 24,000 வாங்குகிறான். பக்கத்தில் நிற்கும் பி.இ. பையனுக்கு இது தெரியும். அவனுடைய அப்பாவுக்கும் தெரியும். வீட்டில் சாப்பிடும்போது அது பேச்சில் வரும்.

ஆனாலும் அந்த 16,000 வேலையை வேண்டாம் என்று தள்ளிவிட்டு வீட்டில் உட்காருவதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். 'ஆறு லட்சத்துக்குக் குறைஞ்சா போகமாட்டேன்' என்று சொல்லி இரண்டு வருஷம் இருந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வருஷம் அவர்களை நேர்முகத்துக்கே கூப்பிடுவதில்லை. புதுமுகம் என்றால் இந்த வருஷம் முடித்தவன் என்று அர்த்தம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடன் வாங்கிய என் பழைய வாடிக்கையாளர்களில் ஒருவன், சேலத்துப் பக்கம் மெக்கானிக்கல் முடித்தவன், ஓசூரில் அச்சுகளும் கருவிகளும் செய்யும் ஒரு டூல் ரூமில் 14,000க்குச் சேர்ந்தான். முதல் வருஷம் ட்ராயிங் படிக்கவும் மைக்ரோமீட்டர் பிடிக்கவும்தான் விட்டார்கள். அவன் அங்கிருந்த வயதான டூல் மேக்கர் ஒருவரை விடாமல் பிடித்துக்கொண்டான். அவர் சாப்பிடும் நேரத்தில்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பானாம். மோல்டு டிசைன் கற்றுக்கொண்டு நான்காவது வருஷம் இன்னொரு இடத்துக்கு 45,000க்குப் போனான். கடனைத் தவணைக்கு முன்பே அடைத்துவிட்டு, கணக்கை முடிக்க வந்த அன்று உள்ளங்கையில் எண்ணெய்க் கறை போகாமல் இருந்தது. அதைத் துடைத்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டான்.

எனவே பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். முதல் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, யாரிடம் வேலை கற்றுக்கொள்ளப் போகிறாய் என்றும் கேள். 18,000க்கு வேலை கற்றுத்தரும் பட்டறை, 25,000க்கு எக்செல் தாளில் எண் நிரப்பச் சொல்லும் அலுவலகத்தைவிட மேல். ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிற இடத்துக்குப் போகாதே. வேலையை இடையில் விடமாட்டேன் என்று எழுதி வாங்கும் பாண்டு என்றால் எத்தனை மாதம், எவ்வளவு தொகை, என்ன பயிற்சிக்காக என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. நியாயமான தொகைக்கான பாண்டு செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே ஒரு வங்கி ஊழியர் வழக்கில் சொல்லிவிட்டது. சும்மா மிரட்டுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் கன்சல்டன்சிக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதே. எனக்குத் தெரிந்தே தாலிக்கொடியை அடகு வைத்து 40,000 கட்டிய ஒரு வீடு இருக்கிறது. அந்த நகைக் கடனுக்கு எடை போட்டதும் எங்கள் கிளையில்தான். எதற்கு என்று கேட்டபோது மருத்துவச் செலவு என்று சொன்னார்கள்.

இனி அரசையும் கல்லூரிகளையும் நான் கேட்பது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதிப்படி ஒவ்வொரு கல்லூரியும் கடந்த மூன்று ஆண்டு வளாகத் தேர்வில் கிடைத்த குறைந்தபட்ச, அதிகபட்ச, சராசரிச் சம்பளத்தைத் தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களை எல்லாம் சம்பளத்தின்படி வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவனுக்கு என்ன சம்பளம் என்ற கணக்கை ஒவ்வோர் ஆண்டும் எழுதிக் கொடுக்கின்றன. பல ஆண்டாகவே இது நடக்கிறது. அந்த நடுப்பையனின் சம்பளம்தான் நம் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்க வாய்ப்புள்ள சம்பளம். முதலிடத்துப் பையனுடையது அல்ல. ஆனால் அது எங்கே இருக்கிறது? இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில், ஆங்கிலத்தில், பிடிஎஃப்பாக. நம் தக்காளி விவசாயி அதை எந்த ஜென்மத்தில் போய்ப் பார்ப்பார்? சில கல்லூரிகளின் பக்கத்தில் அந்தச் சுட்டியைத் தட்டினால் பக்கமே திறப்பதில்லை. நானே முயன்று பார்த்தேன்.

கவுன்சலிங் இணையதளத்தில் கல்லூரியின் பெயர், எண், பாடப்பிரிவு, காலியிடம் எல்லாம் வருகின்றன. அதே வரிசையில் தமிழில் இன்னும் மூன்று கட்டம் சேர்க்கட்டும். போன வருஷம் இந்தப் பிரிவில் படித்து முடித்தவர்கள் எத்தனை பேர். அவர்களில் கடிதம் வாங்கியவர்கள் அல்ல, உண்மையிலேயே வேலையில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர். நடுவில் நிற்பவர் முதல் மாதம் கைக்கு வாங்கிய தொகை எவ்வளவு. பி.எஃப். கணக்கு எண் இருக்கும்போது சேர்ந்தாரா இல்லையா என்று சரிபார்ப்பது பெரிய காரியமா? ஒரே பையன் மூன்று நிறுவனத்தின் கடிதம் வாங்கினால் மூன்று வேலைவாய்ப்பு என்று எண்ணும் பழக்கமும் அதோடு ஒழியும். ஃபிளெக்ஸ் கட்டும் கல்லூரி, 44 லட்சம் எழுதும் அதே அளவு எழுத்தில் இந்த மூன்றாவது எண்ணையும் எழுத வேண்டும் என்று ஓர் உத்தரவு போடட்டும். நிறுவனங்களும் வேலைக்கான கடிதத்தின் முதல் பக்கத்தில், முதல் வரியில், 'மாதாமாதம் உங்கள் கணக்கில் வரவாகும் தொகை இவ்வளவு' என்று எழுதட்டும். அட்டவணை பின்னால் இருந்துவிட்டுப் போகட்டும்.

வங்கிகளையும் விடமாட்டேன். விண்ணப்பத்தில் உள்ள அந்த எதிர்பார்க்கும் வருமானக் கட்டத்தை, கல்லூரி தந்த நடுவரிசைச் சம்பளத்தைக் கொண்டு வங்கியே நிரப்ப வேண்டும். தவணை எவ்வளவு வரும் என்று அன்றைக்கே தமிழில் எழுதி அப்பா அம்மா கையில் கொடுக்க வேண்டும். கடன் கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. கடன் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் கல்லூரி வாசலை மிதித்திருக்கமாட்டார்கள். தெரிந்து வாங்கட்டும் என்கிறேன். தெரிந்திருந்தால் சிலர் அரசுக் கல்லூரியில் வேறு பிரிவாக இருந்தாலும் சேர்ந்திருப்பார்கள். சிலர் நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கூடுதலாகக் கொட்டிக்கொடுத்திருக்கமாட்டார்கள். சிலர் எல்லாம் தெரிந்தே அதே கல்லூரியில் சேர்ந்திருப்பார்கள். அது அவர்கள் முடிவு.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. நாற்பது ஆண்டாகத் தினமும் காலையில் இந்த நாளிதழைப் பிரிக்கிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன். மே, ஜூன் மாதங்களில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கல்லூரி விளம்பரங்கள் வருகின்றன. அவை இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் 'மாணவிக்கு 40 லட்சத்தில் வேலை' என்று உள்ளூர்ப் பக்கத்தில் செய்தியாகப் போடும்போது, அந்தக் கல்லூரியில் அவளோடு முடித்த மற்றவர்களின் நடுவரிசைச் சம்பளம் என்ன என்று உங்கள் நிருபர் ஒரு கேள்வி கேட்கலாம். பதில் வந்தால் அதே செய்தியில் ஒரு வரி போடுங்கள். பதில் தர மறுத்தால், மறுத்தார்கள் என்று ஒரு வரி போடுங்கள். எங்கள் ஊர் டீக்கடையில் இந்தப் பத்திரிகையைச் சத்தம்போட்டு வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வரி பத்து வீட்டுக்குப் போய்ச் சேரும்.

எங்கள் தெருப் பையன் வரும் திங்கட்கிழமை வேலையில் சேருகிறான். ஞாயிற்றுக்கிழமை இரவு தருமபுரியில் பஸ் ஏறுகிறான். ஹாஸ்டல் முன்பணத்துக்கும் முதல் மாதச் செலவுக்குமாக அவனுடைய அப்பா நேற்று 22,000 ரூபாயை என்னிடம் கொண்டுவந்து எண்ணச் சொன்னார். எல்லாம் ஐந்நூறும் இருநூறுமாக, மார்க்கெட்டில் வாங்கிய பணம். எண்ணிக் கொடுத்தேன். நான் கணக்கு எழுதிய அந்தப் பத்திரிகை உறையைக் கேட்டு வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "தம்பி தங்கச்சிய பன்னெண்டாவதுக்கு அப்புறம் எங்க சேக்கறதுன்னு பாக்கறப்ப இது வேணும் சார்" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.